றோட் போற பக்கம்தான் ஊரும் போகுது: வாசகர் கேள்வி பதில்

போன இதழில யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வீதியோரம் காணி விலை ஏறுறதைப் பற்றி ஒரு சின்னப் பதில் போட்டிருந்தன். அதுக்குப் பிறகு வந்த கடிதம், வாட்சப் எல்லாம் பஸ், ரெயில், றோட் எண்டே நிறைஞ்சு போச்சு. அதால இந்தமுறை மற்றக் கேள்வியளை ஒதுக்கி வைச்சிட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறன். உள்ளூரில இருந்தும் வெளிநாட்டில இருந்தும் எழுதின எல்லாருக்கும் நன்றி.

கேள்வி (கோண்டாவிலில இருந்து ஒரு ஆசிரியை): நகரங்கள் எப்பிடி உருவாகினது எண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கேக்க ஆத்தங்கரையில எண்டுதான் சொல்லிக் குடுக்கிறம். எங்கட குடாநாட்டில மழைக்கு மட்டும் ஓடுற வழுக்கியாற்றைத் தவிர ஆறே இல்லை. அப்ப யாழ்ப்பாண ரவுண் எப்பிடி இந்த இடத்தில வந்தது?

பதில்: ஆறு செய்ய வேண்டிய வேலையை எங்களுக்குக் கடல் செய்தது டீச்சர். ராசாக்கள் காலத்தில தலைநகர் நல்லூர். 1619இல போத்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சாப் பிறகு அவைக்குக் கப்பல்தான் உயிர். ஆளும் சாமானும் கடலால வந்து இறங்குற இடத்தில கோட்டை வேணும், அதால பண்ணைக் கடலோரம் கோட்டையைக் கட்டிச்சினம், 1658இல வந்த ஒல்லாந்தர் அதை இன்னும் பெருசாக்கிச்சினம். கோட்டைக்குப் பக்கத்தில கடையள், கடைக்குப் பின்னால குடிமனை, பிறகு ஊரில இருந்து வாற றோட் எல்லாம் அந்தப் பக்கமாத்தான் வந்து சேர்ந்தது. இப்பவும் படத்தை விரிச்சுப் பாருங்கோ, மானிப்பாய் வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி எல்லாம் தெற்குக் கரையில ஒரு மூலையில இருந்து விரிஞ்சு போகுது. அந்த மூலை குடாநாட்டின்ர நடு இல்லை. பருத்தித்துறையில இருந்து பெரியாஸ்பத்திரிக்கு வாற ஒரு அம்மா முப்பது கிலோமீற்றருக்கு மேல பஸ்ஸில குலுங்கி வாறா எண்டால், நானூறு வருசத்துக்கு முந்திக் கப்பலுக்காக ஆரோ எடுத்த முடிவுக்கு அவ இண்டைக்கும் ரிக்கற் எடுக்கிறா எண்டுதான் அர்த்தம். போக்குவரத்தில ஒருக்கா எடுக்கிற முடிவு அவ்வளவு காலத்துக்கு நிண்டு பிடிக்கும், அதை எடுத்த அரசாங்கம் போனாப் பிறகும்.

அடுத்தது ரெயில். பிள்ளையளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு விசயம் இதில இருக்கு. ரெயில் கொழும்பில இருந்து மெல்ல மெல்ல நீண்டு வந்து யாழ்ப்பாணத்தைத் தொட்டதெண்டுதான் கனபேர் நினைக்கினம். அப்பிடி இல்லை. 1902இல காங்கேசன்துறையில தொடங்கி சாவகச்சேரி வரைக்கும்தான் முதல் ஓடினது, அந்த வருசமே பளை வரைக்கும் போனது, தெற்கோட பாதை பொருந்தினது 1905இல. அதாவது மூண்டு வருசமா அது முழுக்க முழுக்க எங்கட உள்ளூர் ரெயில். இதை நான் கீழ திரும்பவும் எடுப்பன்.

ரெயிலும் றோட்டும் சந்திச்ச இடத்தில எல்லாம் சந்தை பெருத்தது. கொடிகாமத்தைப் பாருங்கோ. கண்டி வீதியும், பருத்தித்துறைப் பக்கம் திரும்புற றோட்டும், ரெயில் ஸ்ரேசனும் ஒரே இடத்தில. வடமராட்சிக்கு ரெயில் இல்லை, அதால அங்க போற சனமும் சாமானும் கொடிகாமத்தில இறங்கித்தான் தட்டிவானோ பஸ்ஸோ ஏறோணும், இறங்கி ஏறுற இடத்தில தேத்தண்ணிக் கடை வரும், தேங்காயும் மாம்பழமும் பிலாப்பழமும் வந்து குவியும். சுன்னாகமும் சாவகச்சேரியும் இதே கதைதான். வாகனம் மாறுற இடத்துக்கு ஒரு பலம் இருக்கு, அதை ஆரும் திட்டம் போட்டுக் குடுக்கேல்லை.

கேள்வி (சுன்னாகத்தில இருந்து ஒரு வியாபாரி): றோட் அகலிச்சு தார்க் காப்பெற் போட்டா வியாபாரம் கூடும் எண்டு சொல்லிச்சினம். கடை முன்பக்கத்தையும் விட்டுக் குடுத்தம். இப்ப வாகனம் கூடத்தான், ஆனா ஒருத்தரும் நிக்கினம் இல்லை. ஏன் அண்ணை?

பதில்: நீங்கள் விட்டுக் குடுத்தது சும்மா இல்லை, அது எல்லாருக்கும் விளங்க வேணும். றோட்டுக்கு ரெண்டு வேலை இருக்கு தம்பி. ஒண்டு ஆக்களைத் தூரத்துக்குக் கொண்டு போறது, மற்றது அந்த இடத்திலேயே நிக்க, கதைக்க, வாங்க, றோட்டைக் கடக்க இடம் குடுக்கிறது. அகலிக்கேக்க முதல் வேலைக்கு மட்டும்தான் அளவு எடுத்தது. முந்தி கிடங்கும் பள்ளமுமா இருந்த காலத்தில சைக்கிள்காரன் மெல்லத்தான் வந்தான், வாழைக்குலை தொங்கிறதைக் கண்டான், காலை ஊண்டினான். இப்ப பின்னால ஹையேஸ் வான் கோர்ன் அடிக்குது, நிக்கேலாது. எதிர்ப்பக்கத்து வாடிக்கையாளர் றோட்டைக் கடந்து வாறதுக்கும் பயப்பிடினம், முக்கியமா வயசுபோனாக்கள்.

இதுக்கு மருந்து இன்னும் அகலிக்கிறது இல்லை. சந்தியில இருந்து ரெண்டு பக்கமும் கொஞ்சத் தூரத்துக்கு வாகனத்தை மெதுவாக்கிற மாதிரி றோட்டை அமைக்கலாம், நடக்கிறாக்களுக்கு உண்மையான நடைபாதை விடலாம், வாகனம் நிப்பாட்டுறதை கடைத்தெருவுக்குப் பின்னால கொண்டு போகலாம். தென்கொரியாவில சியோல் நகரத்துக்கு நடுவில சொங்கேச்சொன் எண்டு ஒரு ஓடையை மூடி, அதுக்கு மேல தூண் வைச்சு பெரிய றோட் போட்டிருந்தவை. 2003இல அந்த மேல்றோட்டை இடிக்கத் தொடங்கி, 2005இல ஓடையைத் திரும்பத் திறந்தாச்சு. நகரம் முழுக்க நெரிசலில நிண்டு போகும் எண்டு பயந்தவை, அப்பிடி நடக்கேல்லை, ஏனெண்டால் அதே காலத்தில பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கும் தனிப் பாதையும் செய்து குடுத்திட்டினம். டீட்ரிச் பிறாஸ் எண்ட ஜேர்மன் கணித அறிஞர் 1968இலேயே கணக்குப் போட்டுக் காட்டினவர், சில இடங்களில புதுசா ஒரு றோட்டைச் சேர்த்தா எல்லாற்ற பயணமும் முந்தினதை விட மெதுவாகும், ஏனெண்டால் ஒவ்வொருத்தரும் தனக்குக் கிட்ட எண்டு அதே வழியால நுழைவினம். உங்கட சந்திக்கு அந்தக் கணக்கு அப்பிடியே பொருந்தும் எண்டு சொல்லேல்லை, ஆனா அகலம் கூடினா எல்லாம் சரி எண்டு சொல்லுறவையிட்ட இதைக் கேளுங்கோ.

கேள்வி (இணுவிலில இருந்து ஓய்வுபெற்ற ஒரு விவசாய உத்தியோகத்தர்): காங்கேசன்துறை வீதிக்கும் பலாலி வீதிக்கும் இடையில முந்தி எங்க பாத்தாலும் செம்மண் தோட்டம். இப்ப ரெண்டு பரப்பு மூண்டு பரப்பாத் துண்டு போட்டு மதில் எழும்புது. கேட்டா அபிவிருத்தியை மறிக்கேலாது எண்டினம். உண்மையே?

பதில்: ஐயா, மறிக்கத் தேவையில்லை, ஆனா திருப்பலாம். இந்தமுறை வந்த கடிதங்களில என்னை நித்திரை கொள்ள விடாதது உங்கட கடிதம்தான், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

முதல், ஏன் இப்பிடி நடக்குது எண்டு பாப்பம். பஸ்ஸும் நடையுமா இருந்த காலத்தில வீடு கட்டிறாக்கள் பஸ் றோட்டுக்குக் கிட்டத்தான் காணி தேடினவை, நடந்து போகோணுமே. அதால வீடுகள் றோட்டோரம் நெருக்கமாவும், உள்ள தோட்டமாவும் இருந்தது. 2009இல யுத்தம் முடிஞ்சாப் பிறகு லீசிங்கில மோட்டச்சைக்கிள் வீட்டுக்கு வீடு வந்திட்டுது, ஒழுங்கையளும் கொங்கிறீற்றாப் போச்சு, இனி எந்த ஒழுங்கைக்கு உள்ளயும் வீடு கட்டலாம். உலகத்தில கன நகரங்களைப் பாத்த ஆய்வாளர் சொல்லுற ஒரு விசயம் இருக்கு, மனிசர் ஒரு நாளைக்குப் பயணத்துக்குச் செலவழிக்கிற நேரம் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம்தான், கால்நடைக் காலத்திலயும் அதுதான், கார் காலத்திலயும் அதுதான். வேகம் கூடினா நேரம் மிஞ்சும் எண்டு நாங்கள் நினைக்கிறம், மிஞ்சிறதில்லை, வீடு தூரப் போகுது. உங்கட தோட்டத்துக்குள்ள மதில் எழும்புறதுக்கு காணி புரோக்கர் மட்டும் காரணம் இல்லை, வேகமும் காரணம்.

இனி கொப்பன்ஹேகன். டென்மார்க்கின்ர தலைநகர். 1947இல அங்க ஒரு திட்டம் போட்டவை, விரல் திட்டம் எண்டே பேர். பழைய நகரம் உள்ளங்கை, அதில இருந்து அஞ்சு விரல் வெளிய நீளுது, ஒவ்வொரு விரலுக்கும் நடுவால ஒரு உள்ளூர் ரெயில் பாதை. வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் விரலில. விரலுக்கும் விரலுக்கும் இடையில இருக்கிற தோட்டம், பத்தை, வயல் அப்பிடியே இருக்கோணும், அதுக்குள்ள நகரம் நுழையக்கூடாது. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச சூட்டோட, காசில்லாத நேரத்தில போட்ட திட்டம் அது. பிறகு வந்த காலத்தில சில இடங்களில விரல் தடிச்சது, இடைவெளி சுருங்கினது, ஆனா எழுபது வருசம் கடந்தும் அந்த உருவம் நிக்குது.

எங்கட படத்தைத் திரும்ப எடுங்கோ ஐயா. ரவுண் உள்ளங்கை. மானிப்பாய், காங்கேசன்துறை, பலாலி, பருத்தித்துறை, கண்டி எண்டு அஞ்சு விரல் ஏற்கெனவே கிடக்கு, ஆரும் கீறத் தேவையில்லை. விரல்களுக்கு இடையில உங்கட செம்மண். அந்தச் செம்மண்ணுக்குக் கீழ சுண்ணக்கல், மழைத்தண்ணி அதுக்குள்ள இறங்கித்தான் எங்கட கிணறுகளுக்கு வருது. அந்த மண்ணை வீட்டாலயும் கொங்கிறீற்றாலயும் மூடினா வெங்காயம் மட்டும் போகாது, தண்ணி இறங்கிற இடமும் போகும். போதாததுக்கு ரெண்டு பரப்புக் காணியில ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மலகூடக் குழி, மதிலுக்கு அங்கால இன்னொரு வீட்டின்ர குழி. சுண்ணக்கல் வடிகட்டாது, அது வெடிப்பும் ஓட்டையுமாத் தண்ணியை விடுற கல்லு. இதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனா இந்தப் பக்கத்தை வாசிக்கிற இளம் சோடியள் காணி பாக்கேக்க நினைக்க வேணும்.

இந்த அஞ்சு விரலில ரெண்டுக்குப் பக்கத்தில ஏற்கெனவே ரெயில் பாதை ஓடுது. ஒரு பக்கம் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. மற்றப் பக்கம் புங்கன்குளம், நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம். இந்த ஊர்ப் பேருகளைச் சத்தம் போட்டு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ, குடாநாட்டில சனம் நெருக்கமா இருக்கிற ஊருகளில பாதி இதுக்குள்ள வந்திடும். 1956இல கொழும்புக்குப் போற யாழ்தேவி ரெயில் தொடங்கினது, 1990 யூனில யுத்தத்தால ரெயில் நிண்டது, தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கர் கட்டப் போச்சு, ஸ்ரேசன் எல்லாம் இடிஞ்சு கிடந்தது. இந்தியாவின்ர கடனுதவியில பாதையைத் திரும்பப் போட்டு 2014 ஒக்ரோபரில யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 தையில காங்கேசன்துறை வரைக்கும் ரெயில் வந்தது. எவ்வளவு சனம் ஸ்ரேசனில நிண்டு அழுதது. ஆனா வந்த ரெயிலின்ர நேரம் பெரும்பாலும் கொழும்புக்குப் போய் வாறாக்களைப் பாத்துப் போட்ட நேரம். கோண்டாவிலில இருந்து கச்சேரிக் கந்தோருக்கு வேலைக்குப் போற பிள்ளைக்கோ, மல்லாகத்தில இருந்து ரவுணுக்கு ரியூசனுக்கு வாற பெடியனுக்கோ அந்தப் பாதையால பெரிய பிரயோசனம் இல்லை. ரெயில் கேற்றடியில நிண்டு பாத்துக்கொண்டு நிக்குதுகள். 1902இல உள்ளூர் ரெயிலாத் தொடங்கினது இண்டைக்கு உள்ளூர் சனத்துக்குப் பெரிசா ஓடேல்லை.

நான் கேக்கிறது இதுதான். ரெண்டு மூண்டு பெட்டியோட ஒரு ரெயில்பஸ், காலமை பள்ளிக்கூட, கந்தோர் நேரத்திலயும் பின்னேரம் விடுற நேரத்திலயும், காங்கேசன்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில போய்வரட்டும். லேசான வேலை எண்டு சொல்லமாட்டன். பாதை ஒற்றைப் பாதை, ரெண்டு ரெயில் சந்திச்சு விலத்திறதுக்கு இடம் வேணும், கொழும்பு ரெயில் பிந்தினா இதுவும் பிந்தும். காவல் இல்லாத கடவைகளில ஏற்கெனவே உயிர் போயிருக்கு, ரெயில் கூடினா ஒவ்வொரு கடவைக்கும் கேற் போட்டே ஆகோணும், அதில சமரசம் இல்லை. ஆனா பாதை, ஸ்ரேசன், நிலம் மூண்டும் கையில இருக்கு, கடனும் வாங்கியாச்சு.

ரெயில்பஸ் மட்டும் ஓடினாக் காணாது. ஸ்ரேசனில இருந்து பத்து நிமிச நடையில நாலு மாடி வீடு கட்ட விடுங்கோ, கடை வர விடுங்கோ, ஸ்ரேசனுக்குப் போற ஒழுங்கைக்கு லைற் போடுங்கோ, சைக்கிள் விட ஒரு கொட்டில் போடுங்கோ. அதுக்கு அங்கால இருக்கிற தோட்டக்காணியைத் துண்டு போடுறதுக்கு அனுமதி குடுக்காதேங்கோ. இந்த ரெண்டும் ஒண்டா நடக்கோணும், ஒண்டை விட்டிட்டு மற்றதைச் செய்தா நட்டம். வீடு கட்ட இடமே குடுக்காமல் தோட்டத்தை மட்டும் காப்பாத்தப் போனா இளம் சனத்துக்கு வீடு இல்லை, அது நியாயமில்லை. மாடி வீட்டில இருக்க எங்கட சனம் விரும்பாது எண்டு சொல்லுவினம். வெள்ளவத்தையில ஆர் இருக்கினம்? கொழும்பில ஸ்ரேசனுக்கும் காலி வீதிக்கும் கிட்ட எண்டு தேடித் தேடி பிளாற் வாங்கினது எங்கட சனம்தானே.

கேள்வி (லண்டன், ஹரோவில இருந்து ஒரு அக்கா): இஞ்ச எங்கட தெருவில எல்லா வீடும் ஒரே அச்சு. ரெயில் கொம்பனிதான் இந்த ஊரை உருவாக்கினது எண்டு பக்கத்து வீட்டு வெள்ளைக்கார ஐயா சொல்லுறார். உண்மையோ?

பதில்: பெரும்பாலும் உண்மை அக்கா. உலகத்தின்ர முதல் நிலக்கீழ் ரெயிலை 1863இல ஓடவிட்ட மெற்றோபொலிற்றன் ரெயில்வே 1880இல ஹரோவுக்கு வந்தது. அப்ப அந்தப் பக்கம் வயல்வெளி. பாதைக்குத் தேவையானதை விடக் கூட இருந்த காணியை அந்தக் கொம்பனி வைச்சிருந்து, பிறகு தானே வீட்டுத்திட்டம் போட ஏற்பாடு செய்தது, 1915இல இருந்து அந்தப் பகுதிக்கே மெற்றோலாண்ட் எண்டு பேர் வைச்சு விளம்பரம் செய்தது. காணியும் வித்தவை, காணி வாங்கின ஆள் ஒவ்வொரு நாளும் எடுக்கிற ரிக்கற்றும் வித்தவை. யப்பானில ஒசாக்கா பக்கம் கோபயாசி இச்சிசோ 1910இல தொடங்கின ரெயிலும் அதே வழிதான், பாதையோரம் தவணைக்காசுக்கு வீடு வித்தார், பிறகு ரெயில் முடியிற உமேடாவில 1929இல பெரிய கடைத்தொகுதியே கட்டினார். ஹொங்கொங்கில இண்டைக்கும் ரெயில் நிறுவனம் ஸ்ரேசனுக்கு மேல வீடு கட்டித்தான் கனக்க உழைக்குது.

இதில எங்களுக்கு ஒரு பாடம் கிடக்கு. எங்கட பக்கம் றோட் போட்டா, பாலம் போட்டா காணி விலை ஏறுது, அந்த ஏற்றம் முழுக்க முன்கூட்டியே கதை அறிஞ்சு வாங்கிப் போட்டவையின்ர கைக்குப் போகுது. போட்ட காசு பொதுக்காசு. அதில ஒரு பங்காவது பஸ்ஸுக்கோ வடிகாலுக்கோ திரும்பி வரோணும்.

கேள்வி (ரொறன்ரோ, ஸ்காபரோவில இருந்து ஒருத்தர்): ஒவ்வொரு முறை ஊருக்கு வரேக்கயும் நெரிசல் கூடுது. யாழ்ப்பாணத்துக்கும் ஒரு மெற்றோ வந்தால்தான் முன்னேறும். நீங்கள் என்ன நினைக்கிறியள்?

பதில்: ஊரில இருக்கிற அக்கறைக்கு நன்றி தம்பி, ஆனா மெற்றோ எங்களுக்குச் சரிவராது. 2012 கணக்கெடுப்பில யாழ் மாநகரசபைக்குள்ள 88,138 பேர், முழு மாவட்டத்திலயும் 583,882 பேர். ஸ்காபரோவில மட்டுமே அதுக்குக் கிட்டச் சனம் இருக்கு, அங்க நடந்ததை நீங்களே கண்ணால கண்டிருப்பியள். 1985இல திறந்த ஸ்காபரோ ஆர்ரீ ரெயில் 2023 யூலையில தடம்புரண்டதோட நிண்டது, பிறகு திறக்கவேயில்லை, சனம் பஸ்ஸுக்கு மாறினது. பணக்கார நாட்டிலயே ஒரு சின்ன ரெயில் பாதையைப் பேணிக் காக்கிறது அவ்வளவு பாடு.

எங்களுக்குப் பொருத்தமான ஊர் பிரேசிலில இருக்கிற குரிச்சிபா. நிலக்கீழ் ரெயிலுக்குக் காசில்லை எண்டு 1974இல பஸ்ஸுக்குத் தனிப்பாதை விட்டவை, மேயராயிருந்த ஜைமி லேர்னர் கட்டடக் கலைஞர். பஸ் நல்லா ஓடினதை மட்டும்தான் கனபேர் சொல்லுவினம், அதை விடப் பெரிய வேலை ஒண்டு நடந்தது, அந்தத் தனிப்பாதை போற வீதியோரம் மட்டும்தான் உயர மாடிக் கட்டடத்துக்கு அனுமதி, விலகிப் போகப் போக உயரம் குறையோணும். பஸ் எங்க ஓடுதோ அங்க சனம், சனம் எங்கயோ அங்க பஸ். வானத்தில இருந்து எடுத்த படத்தைப் பாத்தாலே பஸ் பாதை எது எண்டு தெரியும்.

இஞ்ச என்ன நடக்குது? 1958இல பஸ் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்தது, 1979க்குப் பிறகு தனியாருக்கும் விட்டது. இப்ப இலங்கை போக்குவரத்துச் சபையின்ர (இபோச) பஸ்ஸும் தனியார் மினிபஸ்ஸும் ஒரே றோட்டில ஒண்டை ஒண்டு முந்தி ஓடுது, கலெக்சன் இருக்கிற நேரத்தில ரெண்டு மூண்டு சேர்ந்து வருது, கலெக்சன் இல்லாத நேரத்தில ஒண்டும் வராது. றைவரையும் கொண்டக்டரையும் நான் குறை சொல்லமாட்டன், அண்டைக்கு ஏத்தின ஆளைப் பாத்துச் சம்பளம் எண்டா ஆரும் அப்பிடித்தான் ஓடுவினம். ரெண்டு தரப்புக்கும் ஒரு கூட்டு நேர அட்டவணை, ஓடின கிலோமீற்றருக்குக் காசு, எங்க ஏறினாலும் செல்லுற ஒரு ரிக்கற். இது மெற்றோவின்ர செலவில ஒரு துளியும் வராது. நீங்கள் ஊருக்குக் காசு அனுப்பேக்க ஒரு பஸ் தரிப்புக்கு நிழல் போட்டுக் குடுங்கோ, அதில நிக்கிற பிள்ளையள் உங்களை நினைக்கும்.

கேள்வி (கரவெட்டியில இருந்து ஒரு இளைஞர்): மின்சார ஓட்டோ எல்லாரும் வாங்கினா நெரிசல் குறையுமே?

பதில்: புகை குறையும், சத்தம் குறையும், பெற்றோல் செலவும் குறையும். நெரிசல் குறையாது. கரண்டில ஓடினாலும் ஓட்டோ றோட்டில பிடிக்கிற இடம் அதேதான்.

கேள்வி (வேலணைத் தீவில இருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி): எனக்குப் பின்னேர வகுப்பு முடிஞ்சா பஸ் பிடிக்க ஓடோணும். அதைத் தவறவிட்டா அப்பா மோட்டச்சைக்கிளில வரோணும். அதால வீட்டில பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில இருக்கிற திருநெல்வேலியில ரூம் எடு எண்டினம், வாடகை கட்டுப்படியாகாது. பண்ணைக் கடலுக்கு மேலால றோட் இருந்தும் தீவுச் சனம் ஏன் இப்பிடிக் கஷ்டப்படோணும்?

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தைப் போக்குவரத்து அதிகாரிமார் எல்லாரும் வாசிக்கோணும். பாலம், கடலுக்குள்ளால போட்ட தாம்போதி, காப்பெற் றோட் எல்லாம் பாதி வேலைதான், அதில என்ன நேரத்துக்கு என்ன ஓடுது எண்டது மற்றப் பாதி. கடைசி பஸ் ஆறரைக்கு எண்டால் அந்த ஊருக்கு இரவு ஆறரைக்குத் தொடங்குது. அந்த ஊர்ப் பிள்ளை லைப்ரரியில எட்டு மணி வரைக்கும் இருந்து படிக்கேலாது, பின்னேர வேலை ஒண்டுக்குப் போகேலாது, அதிலயும் பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் முதல் மறிப்பு வாறது. ஆம்பிளைப் பெடியனுக்கு மோட்டச்சைக்கிள் வாங்கிக் குடுப்பினம், பெட்டைக்கு ரூம் எடு, இல்லாட்டி நிப்பாட்டு எண்டுவினம். நேர அட்டவணையில ஒரு வரி இல்லாததால ஒரு பிள்ளையின்ர படிப்பு மாறுது எண்டால் அது சின்ன விசயமே?

திருநெல்வேலியைப் பாருங்கோ. 1974இல பரமேஸ்வராக் கல்லூரி வளவில பல்கலைக்கழக வளாகம் வந்தது, பலாலி வீதியில பஸ் அடிக்கடி ஓடினது, சுத்தவர போர்டிங், போட்டோக்கொப்பிக் கடை, சாப்பாட்டுக் கடை எண்டு ஒரு சின்ன ரவுணே உருவாகினது. அந்த வாடகை ஏறினதுக்கு ஒரு காரணம் உங்களை மாதிரி தூர ஊர்ப் பிள்ளையளுக்குப் பஸ் இல்லாதது. எட்டரைக்கு ஒரு பஸ் வேலணைக்கு ஓடினா கன பேருக்கு ரூம் தேவைப்படாது.

தீவார் சனம் குறைஞ்சதுக்கு முதல் காரணம் யுத்தமும் இடப்பெயர்வும், அதை மறைச்சு றோட்டில பழியைப் போடக்கூடாது. ஆனா பாய்க்கப்பல் காலத்தில ஊர்காவற்றுறை பெரிய துறைமுகம், கடல்தான் பெருந்தெரு, தீவுகள் அந்தத் தெருவின்ர வாசலில இருந்தது. ரெயிலும் லொறியும் வந்தாப் பிறகு வாசல் பின்பக்கமாப் போச்சு. தாம்போதி வந்தது நல்லதுதான், ஆனா ஆஸ்பத்திரியும் நல்ல பள்ளிக்கூடமும் மறுகரையிலேயே இருந்தா அந்த வழியால சனம் வெளியாலதான் போகும். குடாநாட்டைப் பூநகரியோட இணைச்சு 2011இல திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைப் பற்றியும் பூநகரிச் சனம் இதையேதான் கதைக்குது, 288 மீற்றர்ப் பாலம், பாதைப்படகுக்குக் காத்து நிண்ட காலம் போச்சு, அது பெரிய ஆறுதல், ஆனா பூநகரியில ஒரு நல்ல ஆஸ்பத்திரியும் வேணும். வேலணையில ஒரு டொக்டர் இரவும் நிக்கிறார் எண்டு வந்தா, பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் ரவுணில இருந்து காலமை பஸ்ஸில வாறார் எண்டு வந்தா, அதே தாம்போதி உள்ளுக்கும் சனத்தைக் கொண்டு வரும்.

உங்கட வகுப்பில தீவுப்பக்கம் இருந்து வாற பிள்ளையள் எல்லாரும் சேர்ந்து, எத்தினை பேர், எந்த நாள், எத்தினை மணிக்கு எண்டு ஒரு தாளில எழுதிக் கையெழுத்து வையுங்கோ. சும்மா பஸ் விடுங்கோ எண்டு கேக்கிறதை விட இத்தினை பேர் காசு குடுத்து ஏறுவம் எண்டு கேக்கிறதுக்குப் பலம் கூட. எங்க குடுக்கிறது எண்டது அடுத்த பதிலில இருக்கு.

கேள்வி (நெல்லியடியில இருந்து ஒரு சனசமூக நிலையத் தலைவர்): எங்கட றோட்டுப் பிரச்சினைக்கு பிரதேச சபைக்குப் போனா அது எங்கட இல்லை எண்டினம், அங்க போனா இஞ்ச போ எண்டினம். உண்மையில ஆரிட்டப் போறது?

பதில்: இதை வெட்டி எடுத்துச் சனசமூக நிலையத்தில ஒட்டி வையுங்கோ. ஏ, பி எண்டு எழுத்துப் போட்ட பெரிய வீதியள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வீதியள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச உள்வீதி, ஒழுங்கை எல்லாம் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைக்கு. மாகாணத்துக்குள்ள ஓடுற தனியார் பஸ்ஸின்ர பேர்மிற் வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையிட்ட, மாகாணம் விட்டு மாகாணம் போறது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிட்ட, சிவப்பு பஸ் எண்டால் இபோச சாலை முகாமையாளரிட்ட. ரெயில் எண்டால் ரெயில்வே திணைக்களம், அது கொழும்பில. காணி துண்டு போடுறதுக்கும் கட்டடத்துக்கும் உள்ளூராட்சி சபையும், நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்தின இடத்தில அதின்ர விதியும்.

இத்தினை கந்தோரும் தங்கட தங்கட துண்டைப் பாக்குது. பஸ்ஸையும் ரெயிலையும் காணியையும் ஒண்டா வைச்சுப் பாக்கிற மேசை ஒண்டு மாவட்டத்தில இருக்கோணும், அதைத்தான் நாங்கள் எல்லாரும் கேக்க வேண்டியது. அது வருமட்டும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கோ. எந்த வழித்தடத்துக்கு எத்தினை பேர்மிற், கடைசி பஸ் எத்தினை மணிக்கு ஓடவேணும் எண்டு பேர்மிற்றில எழுதியிருக்கு, எண்டு எழுத்தில கேக்கலாம். பதினாலு வேலைநாளுக்குள்ள தருவமோ இல்லையோ எண்ட முடிவை அவை சொல்லியே ஆகோணும். வேலணைத் தங்கச்சியும் இதையே செய்யலாம். விண்ணப்பத்தின்ர ஒரு கொப்பியைக் கையில வைச்சிருங்கோ, குடுத்த திகதியோட முத்திரை குத்தி வாங்குங்கோ, வந்த பதிலை எங்களுக்கும் அனுப்புங்கோ, அடுத்த இதழில போடுறம்.